கணக்கை மிஞ்சிய கண்ணாடி

சாவதற்கு முன் ரோஸ்விதா தெரிந்துகொள்ள ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். அவள் கணக்குப் போட்டுக் கொடுத்த கண்ணாடி சரியாக வந்திருக்கிறதா, இல்லையா? பாதிரியாரைக் கூப்பிடட்டுமா என்று, தீராத நோயாளிகளைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் அந்த இல்லத்துச் சிஸ்டர் சென்ஸி கேட்டபோது, "அவர் வந்து எதை அளக்கப் போறாரு?" என்று கேட்டுவிட்டாளாம். சென்ஸி இதை க்விரினிடம் புகாராகத்தான் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

க்விரின் அவளுடைய கணவன். மியூனிக்குக்குத் தெற்கே காட்டோரத்தில் இருக்கும் அந்த நீளக் கூடத்துக்குப் பொறுப்பாளன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அங்கே ஏதோ குடிநீர்க் குழாய் போடுகிறார்கள் என்றுதான் தோன்றும். கால்பந்து மைதானத்தைவிட நீளமான இரும்புக் குழாய். அதன் ஒரு முனையில் எக்ஸ்ரே கதிரைக் கிளப்பும் பெட்டி, மறுமுனையில் ஒரு பேருந்தையே ஓட்டிக்கொண்டு போய் உள்ளே நிறுத்திவிடலாம் என்கிற அளவுக்கு ஒரு தொட்டி. குழாயிலும் தொட்டியிலும் இருக்கும் காற்று மொத்தத்தையும் உறிஞ்சி எடுத்துவிட்டு, தொலைநோக்கியின் கண்ணாடியைத் தொட்டிக்குள் வைத்து, மறுமுனையிலிருந்து கதிரை விடுவார்கள். விட்டது எவ்வளவு, கண்ணாடி திருப்பிச் சேர்த்தது எவ்வளவு என்று அளப்பார்கள். வேலை அவ்வளவுதான். அதற்கு மாதக்கணக்காகும்.

கண்ணாடி என்று பெயரே தவிர, முகம் பார்க்கிற சமாசாரம் இல்லை அது. ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய உலோகக் குழல்கள், உள்பக்கமெல்லாம் தங்கப் பூச்சு. எக்ஸ்ரே நேராக வந்து விழுந்தால் தங்கத்துக்குள் புகுந்து காணாமல் போய்விடும். குளத்தில் சில்லு வீசினால் தண்ணீரை உரசிக்கொண்டு எகிறிப் போகுமே, அப்படிச் சாய்வாக உரசினால்தான் திரும்பும். எந்தக் கதிர் எவ்வளவு திரும்பும் என்று பல வருஷம் உட்கார்ந்து கணக்குப் போட்டவள் ரோஸ்விதா. அந்தக் கணக்கு மெய்தானா என்பதைத் தரையிலேயே பார்த்தாக வேண்டும். செயற்கைக்கோள் மேலே போய்விட்டால் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னால் யாரும் ஓட முடியாது. இனி வானத்திலிருந்து வரப்போகிற ஒவ்வொரு நட்சத்திரத்தின் ஒளியையும் இந்தக் கூடத்தில் அளந்த எண்ணை வைத்துத்தான் வகுப்பார்கள். இங்கே பிசகினால் எல்லா நட்சத்திரமும் பிசகும். பிசகியது என்று யாருக்கும் தெரியவும் போவதில்லை.

அதனாலேயே க்விரின் கறாரான ஆள். கூடத்துக்குள் வருகிற எவரும் கைக்கு க்ரீம் தடவக்கூடாது, சென்ட் கூடாது, தலைக்கு ஸ்பிரே கூடாது. சிகரெட் பிடித்தவன் வெளியே நின்று மூச்சைச் சுத்தம் பண்ணிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். காற்றில்லாத தொட்டிக்குள் துளி எண்ணெய்ப் பசை போதும். அது ஆவியாகிக் கிளம்பி, உள்ளே இருப்பதிலேயே குளிர்ந்த பொருள் எது என்று தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். அளக்கும்போது குளிர வைத்திருப்பது கண்ணாடியைத்தான். ஒருமுறை பெர்லினிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதரை, சவரம் செய்தபின் போட்டுக்கொண்ட வாசனைத் தண்ணீருக்காக வாசலிலேயே மறித்துவிட்டான். "நடமாடும் பூக்கடையெல்லாம் உள்ள விடறதில்லீங்க. முகத்தைக் கழுவிட்டு வாங்க, இல்லேன்னா ஜன்னல் வழியாப் பாத்துட்டுப் போங்க," என்றான். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

இதே க்விரின்தான் காலையில் வேலைக்கு வரும் வழியில் இல்லத்துக்குப் போய், ரோஸ்விதாவின் பாதங்களுக்குச் சிவப்பு எண்ணெய் தேய்த்துவிட்டு வருவான். சாயங்காலம் போகும்போதும் தேய்ப்பான். புற்றுநோய் மருந்து அவள் பாதங்களைப் பாளம் பாளமாக வெடிக்க வைத்திருந்தது. மஞ்சள் பூக்களை ஆலிவ் எண்ணெயில் ஊறப்போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் சிவந்துவிடும். புண்ணுக்கும் எரிச்சலுக்கும் அந்தப் பக்கத்து வீடுகளில் அதைத்தான் எடுப்பார்கள். ஒவ்வொரு விரலாக நீவி, குதிகால் வெடிப்புக்குள் கட்டைவிரலால் மெல்ல ஏற்றி, கம்பளி உறையை மாட்டிவிட்டு, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு கிளம்புவான். நாளில் அவளுக்கு வலி மறந்திருக்கும் நேரம் அதுதான். அவனுக்கும் நாளில் நிம்மதியான நேரம் அதுதான்.

அக்டோபர் முடியும்போது முதல் அளவு வந்தது. எக்ஸ்ரேயிலும் வலுக்குறைந்தது, வலுவானது என்று உண்டு. முதலில் வலுக்குறைந்த கதிரை அளந்திருந்தார்கள். அளவெடுப்புக் குழுவின் தலைவி ஹென்ரிக்கே, ஹம்பர்க் பக்கத்து வடக்கத்திக்காரி, அதிகம் பேசாதவள், கணினித் திரைக்கு முன்னால் எழுந்து நின்றுவிட்டாள்.

"க்விரின், இங்க வா. நான் சரியாத்தான் படிக்கிறேனான்னு பாரு."

"என்ன?"

"ரோஸ்விதா கணக்கைவிட ரெண்டு சதவீதம் மேல. மேலப்பா! கண்ணாடி சொன்னதைவிட அதிகமாத் திருப்புது."

நல்ல அளவு வந்தால் பகல் பன்னிரண்டு மணியடிப்பதற்குள் வெள்ளைச் சாசேஜ் வாங்கி வேகவைத்து, உப்பு ரொட்டியும் இனிப்புக் கடுகு விழுதுமாகச் சாப்பிடுவது அந்தக் கூடத்து வழக்கம். அன்றும் பானை ஏறியது. ஹென்ரிக்கே சாசேஜைத் தோலோடு கடித்தாள். "அடிப்பாவி, தோலை உரிச்சுட்டுத் தின்னு! பதினோரு வருஷமா இங்க இருக்க, இதைக் கத்துக்கலையே," என்று க்விரின் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் யாருக்கும் ஒரு சின்னக் கேள்வி எழவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பல வருஷம் மாடாக உழைத்தவர்களுக்கு நல்ல சேதி வந்தால், அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கவா தோன்றும்?

அன்று சாயங்காலம் க்விரின் கிட்டத்தட்ட ஓடினான். கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, அவள் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றினான்.

"அளந்தாச்சு," என்றான்.

ரோஸ்விதாவின் கண் திறந்தது. ஒரு மாதமாக அவள் முகத்தில் எஞ்சியிருந்தது கண்ணும் மூக்கும்தான். "மேலயா, கீழயா?"

"மேல! ரெண்டு சதவீதம். உன்னையே தோற்கடிச்சிடுச்சு உன் கண்ணாடி."

அவள் சிரிப்பாள் என்று பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. "எந்தப் பக்கம்?"

"வலுக்குறைஞ்ச பக்கம். வலுவானதை இன்னும் அளக்கலை. ஏன்?"

"கண்ணாடி அழுக்கா இருக்கு, க்விரின்."

"என்ன பேசற நீ?"

"தங்கம் இவ்வளவுதான் திருப்பும்னு ஒரு எல்லை இருக்கு. நான் போட்ட கோடு அந்த எல்லைதான். நல்லாச் செஞ்ச கண்ணாடி அதுக்குக் கிட்ட வரும், தாண்டாது. தாண்டுச்சுன்னா, கதிர் தங்கத்து மேல மட்டும் படலைன்னு அர்த்தம். தங்கத்துக்கு மேல வேற ஏதோ படிஞ்சிருக்கு. மெலிசா, எண்ணெய்ப் படலம் மாதிரி."

"அழுக்குப் படிஞ்சா மோசமால்ல ஆகணும்?"

"அப்படி ஆனாத்தான் நல்லதாச்சே. கெடுதல் பண்ற அழுக்கை எல்லாரும் தேடுவீங்க. இது நல்லது பண்ற அழுக்கு. மெல்லிய கரிப்படலம் அந்தப் பக்கத்துக் கதிரைக் கொஞ்சம் தூக்கிக் குடுக்கும். அதான் உக்காந்து விருந்து சாப்பிட்டிருக்கீங்க." மூச்சு வாங்கியது அவளுக்கு. சற்று நிறுத்தி, "மேல போனா அது அப்படியே இருக்காது. காயும், கருகும், வருஷத்துக்கு வருஷம் மாறும். நீங்க அளந்த எண்ணு முதல் மாசமே பொய்யாயிடும். யாரோ தொட்டிருக்காங்க. யாரு?" என்றாள்.

க்விரினுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "என் கூடத்துலயா? என் கூடத்துல எவன் க்ரீம் தடவிட்டு வருவான்? வாசல்ல நான் நிக்கிறேன்! கடைசியாத் தொட்டிக் கதவைச் சாத்தினது நான். கண்ணாடியைச் சுத்தித் துணி உறையைக் கட்டினது நான். என் கையால..."

அதோடு நின்றுவிட்டான். அந்தக் கையில் அவளுடைய குதிகால் இருந்தது. நகக்கண்களில் சிவப்பு ஏறியிருந்தது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத சிவப்பு, வாரக்கணக்காக அங்கேயே இருந்தது. கையுறை போட்டுக்கொண்டுதான் வேலை செய்வான். ஆனால் அந்தக் கையுறையைக் கையால் பிடித்துத்தானே மாட்ட வேண்டும்?

ஊரில் உள்ளவர்களையெல்லாம் மோந்து பார்த்து உள்ளே விட்டவனுக்கு இது தோன்றவில்லையா என்றால், தோன்றவில்லை. க்ரீம் என்றால் மற்றவர்கள் பூசுவது, அழகுக்காகப் பூசுவது. இது க்ரீம் அல்ல, ரோஸ்விதாவின் பாதம். இரண்டையும் ஒரே கணக்கில் வைக்க அவன் மனதுக்கு வழியே இருக்கவில்லை.

ரோஸ்விதாவும் அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐயோ, கிழவா," என்றாள் மெதுவாக.

க்விரின் கையைக் கோட்டில் துடைத்துப் பார்த்தான். அவளுடைய இத்தனை வருஷ உழைப்பின் மேல் எண்ணெய் பூசியவன் தான்தான். அதுவும் அவள் காலைத் தேய்த்த அதே கையால். அழக்கூட வெட்கமாக இருந்தது.

"நாளைலேருந்து எண்ணெய் வேண்டாம்," என்றாள் அவள்.

"பேசாம இரு."

"கண்ணாடி வேலை முடியற வரைக்கும்தான்."

"கண்ணாடியைப் பாத்துக்கப் பத்துப் பேர் இருக்காங்க. உன் காலைப் பாத்துக்க நான் ஒருத்தன்தான்."

"சென்ஸி தேய்ப்பா."

"சென்ஸி தேய்ச்சா தரையைத் தேய்க்கிற மாதிரி இருக்குன்னு நீதானே சொன்ன?"

அவளுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்போடு வலியும் வந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டாள். வலி தணிந்ததும், "அப்ப கூடத்துக்குள்ள போகாத," என்றாள்.

க்விரின் எண்ணெய்ப் புட்டியை எடுத்தான். முப்பது வருஷமாக அவன் இல்லாமல் அந்தத் தொட்டிக் கதவு சாத்தப்பட்டதில்லை. "போகலை," என்றான். மற்றொரு பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை கூடத்துக்கு வெளியே நின்றே ஹென்ரிக்கேயைக் கூப்பிட்டு அனுப்பினான். உள்ளே வராமல் அவன் வாசலில் நின்றதைப் பார்த்ததுமே அவள் முகம் மாறிவிட்டது. சொல்வதற்கு அதிகம் இல்லை, சொன்னான். இரண்டு கைகளையும் நீட்டி நகங்களையும் காட்டினான்.

கண்ணாடியோடு கூடவே சில தங்கத் துண்டுகளையும் தொட்டிக்குள் வைப்பார்கள். கண்ணாடிக்கு நேர்ந்ததெல்லாம் அவற்றுக்கும் நேரும், எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அன்றே ஒன்றை எடுத்துச் சோதித்தார்கள். தாவர எண்ணெய் என்று வந்தது. ரோஸ்விதா படுக்கையில் படுத்துக்கொண்டு சொன்னது அட்சரம் பிசகாமல் சரி.

ஹென்ரிக்கே திட்டுவாள் என்று க்விரின் காத்திருந்தான். திட்டியிருந்தால் தேவலை. அவள் காகிதத்தை மடித்துக்கொண்டே இருந்தாள். "கண்ணாடியை லேசாச் சூடு பண்ணி, பக்கத்துல ஒரு தகட்டை நல்லாக் குளிர வெப்போம். எண்ணெய் கிளம்பி அந்தப் பக்கம் போயிடும். தொட முடியாது, துடைக்க முடியாது, இது ஒண்ணுதான் வழி. மெதுவாத்தான் போகும். எவ்வளவு நாள் தாங்கும்?"

"கண்ணாடியைக் கேக்கறியா, அவளையா?"

ஹென்ரிக்கே அவன் தோளில் கை வைத்தாள். அப்புறம் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, உள்ளே போவதற்கு முன் கழுவிக்கொள்ளப் போனாள். அது சரியான காரியம். க்விரினாக இருந்தாலும் அவளை அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பான். ஆனாலும் அவன் நெஞ்சில் அது தைத்தது.

அதற்கப்புறம் அவனுடைய இடம் ஜன்னலுக்கு வெளியே. பெர்லின்காரரை நிறுத்திய அதே ஜன்னல். ஒலிபெருக்கியில் பேசுவான்: "அந்த நாலாவது திருகை இன்னும் இறுக்காதீங்கப்பா, முதல்ல எதிர்ப்பக்கம்." உள்ளே இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். யாரும் ஒரு சொல் குத்திப் பேசவில்லை. எல்லாரும் திடீரென்று அவனிடம் மரியாதையாக நடந்துகொண்டதுதான் அவனுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

இங்கே எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்த்தகட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே ரோஸ்விதாவும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தாள். நவம்பர் மூடுபனி இறங்கிவிட்டது. கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நாள் வந்து போனது. வலிக்கான மருந்தைக் கூட்டியிருந்தார்கள். காலையில் சில சமயம் அவளுக்கு அவன் யாரென்றே தெரியாது. அவள் அம்மாவோடு பேசுவாள், ரயிலைத் தவறவிட்டுவிட்டதாகப் பதறுவாள். மத்தியானம் கொஞ்ச நேரம் தெளியும். தெளிந்ததும் முதல் கேள்வி, "அளந்தாச்சா?"

"இன்னும் இல்ல."

"சரி." மறுபடி கண் மூடிக்கொள்வாள்.

ஆச்சு என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை, நீ போட்ட கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது என்று சொன்னால் அவள் நிம்மதியாகப் போய்ச் சேருவாள். யார் கேட்கப் போகிறார்கள்? ஒவ்வொரு நாளும் அது அவன் நாக்கு நுனிவரை வரும். ஒவ்வொரு நாளும் "இன்னும் இல்ல" என்றுதான் சொன்னான். சொல்லிவிட்டு நடைபாதைக்கு வந்து, குடைகள் வைக்கும் மூலையில் நின்று மூக்கைச் சிந்திக்கொள்வான்.

ஒரு புதன்கிழமை முற்பகலில் ஹென்ரிக்கே கூடத்திலிருந்து வெளியே வந்தாள். கையில் இரண்டு காகிதங்கள். அவள் முகத்தைப் பார்த்து அவனால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. வடக்கத்திக்காரர்கள் முகம் எப்போதுமே அப்படித்தான்.

"இது வலுக்குறைஞ்ச பக்கம்," என்று முதல் காகிதத்தைக் கொடுத்தாள். அளந்த புள்ளிகள் எல்லாம் ரோஸ்விதாவின் கோட்டின் மேல் மணி கோத்தது போல உட்கார்ந்திருந்தன. படலம் போய்விட்டது. கண்ணாடி சுத்தம். க்விரின் காகிதத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி இன்னொரு தடவை பார்த்தான்.

"இது வலுவான பக்கம்."

இரண்டாவது காகிதத்தில் பாதிவரை புள்ளிகள் கோட்டோடு வந்தன. அப்புறம் கீழே இறங்கின. கடைசியில் நன்றாகவே இறங்கிவிட்டன.

"இதுவும் அழுக்கா?"

"இல்ல. மூணு தடவை பாத்துட்டோம். கண்ணாடி நல்லா இருக்கு, எல்லாம் சரியா இருக்கு. கணக்குதான் எங்கேயோ..." ஹென்ரிக்கே அவனைப் பார்க்காமல் சொன்னாள். "ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. அளந்ததைத்தான் எடுத்துக்கப் போறோம், கணக்கை இல்ல. தொலைநோக்கிக்கு ஒரு கெடுதலும் இல்ல. க்விரின், முதல் காகிதத்தை மட்டும் எடுத்துட்டுப் போ. அது பொய் இல்லையே."

அது பொய் இல்லைதான். அவன் இரண்டு காகிதங்களையும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு காரை எடுத்தான்.

இல்லத்து வாசலிலேயே சென்ஸி அவனைப் பிடித்துக்கொண்டாள். "ரோஸ்விதாம்மா இன்னிக்கு நல்லாத் தெளிஞ்சிருக்காங்க. காலையில நீங்க போனதுலேருந்தே தெளிவு. எனக்கு இந்த மாதிரித் தெளிவைக் கண்டாலே பயம், சார். பின்னாடி அதிகம் இருக்காது. சட்டைக்குள்ள என்னமோ வெச்சிருக்கீங்க. நல்ல சேதின்னா உள்ள கொண்டு போங்க. இல்லேன்னா இங்கயே என்கிட்ட குடுத்துட்டுப் போங்க, அடுப்புல போட்டுடறேன்."

"ஒண்ணு நல்லது, சிஸ்டர். ஒண்ணு தெரியலை."

"அப்ப தெரியாததை அடுப்புல போடுங்க," என்று சொல்லிவிட்டு அவள் சூப் எடுத்துவரப் போனாள்.

ரோஸ்விதா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலைக்கு நீலத்துணி கட்டியிருந்தாள். அவன் வாயைத் திறப்பதற்குள், "மேலயா, கீழயா?" என்றாள்.

"மேலயும் இல்ல, கீழயும் இல்ல. மயிரிழை பிசகலை." முதல் காகிதத்தை அவள் முன் பிடித்தான்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். விரலால் கோட்டை இடமிருந்து வலமாகத் தடவிக்கொண்டே போனாள். அப்புறம் பெருமூச்சு விட்டுத் தலையைப் பின்னால் சாய்த்தாள். முகத்தில் இருந்த இறுக்கமெல்லாம் விட்டுப்போயிற்று. கல்யாணமான புதிதில் தூங்கும்போது அவளுக்கு அப்படி ஒரு முகம் இருந்தது. க்விரின் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இதோடு நிறுத்திவிடு, இவ்வளவு போதும், என்று அவனுக்குள் ஒன்று கெஞ்சியது. இதைவிட நல்ல முடிவு யாருக்குக் கிடைக்கும்?

ஆனால் நல்லதாகத் தெரிந்த ஓர் எண்ணைக் கேட்டு எல்லாரும் பானையை அடுப்பில் ஏற்றியபோது, படுக்கையில் கிடந்துகொண்டே அதை நம்ப மாட்டேன் என்றவள் இவள். பாதி எண்ணை வாங்கிக்கொண்டு இவள் போகிறாள் என்பதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அது அவளுக்குச் செய்கிற தயவு அல்ல, அவளை யாரோ ஒரு நோயாளியாக ஆக்கிவிடுவது.

"ரோஸ்வி. இன்னொண்ணு இருக்கு. வலுவான பக்கம். அது கீழ."

கண்கள் திறந்தன. சொன்னது தப்பு, மகா தப்பு என்று அவனுக்குத் தோன்றியது. இரண்டாவது காகிதத்தை எடுத்து நீட்டினான்.

"கண்ணாடியை எடு. மூக்குக் கண்ணாடியை."

எடுத்து மாட்டிவிட்டான். அவள் காகிதத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள். "ம்," என்றாள். "ம்ம்." பிறகு ஒரு குரல் வந்தது. வலி என்று நினைத்து அவன் எழுந்துவிட்டான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப கண்ணாடி சுத்தம். தப்பு நான்தான்!"

"ஹென்ரிக்கே சொல்றா, அது பெரிய விஷயம் இல்லைன்னு..."

"அவ கிடக்கா. ஏன் இறங்குதுன்னு சொன்னாளா?"

"இல்ல."

"ஆரம்பத்துலேருந்தே கொஞ்சம் கொஞ்சமா இறங்கியிருந்தா, பூச்சு சொரசொரப்பா இருக்குன்னு சொல்லலாம். இது அப்படி இல்ல. பாதிவரை ஒழுங்கா வந்துட்டு, கடைசியில விழுது. பாரு, இங்க. இது சொரசொரப்பு இல்ல. இது... பென்சில் குடு."

பென்சிலைப் பிடிக்க அவள் விரல்களில் வலு இல்லை. அவன் பிடித்துக்கொண்டான், அவள் சொல்லச் சொல்ல எழுதினான். பாதியில் ஒரு பெருக்கலை அவன் தவறாகப் போட்டான். "உன்னை யாருடா இன்ஜினியராக்கினது?" என்று திட்டினாள். அழித்துவிட்டுத் திரும்பப் போட்டார்கள். சென்ஸி சூப்போடு வந்து பார்த்துவிட்டு, ஓசைப்படாமல் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். சூப் ஆறி மேலே ஆடை கட்டியது. ஒரு தடவை அவள் கண் மூடி, பேச்சு நின்று, அவன் பயந்து மணியை அழுத்தக் கை நீட்டினான். "தூங்கலை. வகுத்துட்டு இருக்கேன்," என்றாள்.

விளக்குப் போடும் நேரத்துக்குக் கண்டுபிடித்துவிட்டாள்.

"தங்கத்தோட அடர்த்தி," என்றாள். "எவ்வளவு கனம்னு புத்தகத்துல போட்டிருக்கிற எண்ணைப் போட்டிருக்கேன். அது கட்டித் தங்கத்துக்கு. பூச்சாப் படிய வெச்ச தங்கம் அவ்வளவு நெருக்கமா இருக்காது, உள்ள சின்னச் சின்ன இடைவெளி இருக்கும். கனம் குறையும். வலுவான கதிர் அதனாலதான் நழுவுது. பூச்சுத் துண்டு வந்ததும் அளந்து மாத்திக்கலாம்னு அன்னிக்கு அந்த எண்ணை வெச்சேன். அப்புறம் டாக்டர் கூப்பிட்டு அனுப்பிச்சாரு. மாத்தவே இல்ல." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "முதல் வருஷப் பசங்க பண்ற தப்பு. ஹென்ரிக்கேவுக்கு போன் போடு. இப்பவே."

போன் போட்டான். காதருகே பிடித்துக்கொண்டான். அவள் பெரிய பேச்செல்லாம் பேசவில்லை. "அடர்த்தியைக் குறைச்சுப் போட்டுப் பாரு. நூத்துக்கு மூணு குறையும்னு வருது எனக்கு... ஆமா... நான் காத்துட்டு இருக்கேன்." காத்திருந்தார்கள். போனுக்குள்ளே விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் ஹென்ரிக்கேயின் குரல், அதிகம் பேசாதவளின் குரல், உடைந்துபோய்க் கேட்டது: "உக்காந்துடுச்சு, ரோஸ்விதா. எல்லாப் புள்ளியும் உக்காந்துடுச்சு."

"அழாத. என் பேர்ல தப்புன்னு எழுதிவை, அப்பத்தான் பின்னாடி வர்றவங்களுக்குப் புரியும்," என்று சொல்லிவிட்டு ரோஸ்விதா போனைத் தள்ளச் சொன்னாள்.

களைத்துவிட்டாள். மூக்குக் கண்ணாடியை அவன் கழற்றினான். கட்டிலெல்லாம் காகிதம் சிதறிக் கிடந்தது. வெளியே பனியில் தெருவிளக்குகள் எரிந்தன. அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"க்விரின்."

"சொல்லு."

"இன்னிக்கு மத்தியானம் பூரா, நான் சாகப்போறேங்கறதே எனக்கு மறந்துபோச்சு."

அவன் மற்றக் கையால் காகிதங்களை ஒரு பக்கமாக ஒதுக்கினான்.

"எனக்கும்தான்," என்றான்.

அது உண்மை. அவள் அதைச் சரிபார்ப்பது போல அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பிடித்த சட்டைக் கையை விடாமலே தூங்கிப்போனாள். அவளை எழுப்பிவிடக்கூடாது என்று க்விரின் அப்படியே உட்கார்ந்திருந்தான்.